நம் உடுப்பை நாமே தைக்க: மலைநாட்டுப் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இலங்கை மலைநாட்டில், ஹட்டன் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்து, அம்மாவின் கால் மெஷினில் தையல் பழகியவள் நான். இப்போது டவுனில் ஒரு சின்ன அறையில் தைத்துக் கொடுக்கிறேன். சனி, ஞாயிறு பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுக்கிறேன். துணி கொடுக்க வருகிறவர்களும் படிக்க வருகிறவர்களும் கேட்பதெல்லாம் பெரும்பாலும் இந்தக் கேள்விகள்தான். ஒவ்வொன்றுக்கும் மெஷினை நிறுத்திவிட்டுப் பதில் சொல்லியிருக்கிறேன். இப்போது ஆறுதலாக உட்கார்ந்து எழுதுகிறேன்.

அக்கா, எனக்கு ஊசியில் நூல் கோர்க்க மட்டும்தான் தெரியும். எதில் தொடங்கலாம்?

துணியே இல்லாமல் தொடங்குங்கள். பழைய அப்பியாசக் கொப்பியில் கோடு போட்ட ஒரு தாளைக் கிழித்து, மெஷினில் நூல் கோர்க்காமல் அந்தக் கோட்டின் மேலேயே ஊசியை ஓட்டுங்கள். ஊசி குத்திய ஓட்டைகள் கோட்டை விட்டு விலகாமல் வரும்வரை ஓட்டுங்கள். இரண்டு நாளில் காலும் கையும் ஒன்றுக்கொன்று பழகிவிடும். தாளில் ஓட்டிய ஊசி மழுங்கியிருக்கும். துணிக்கு வேறு ஊசி போடுங்கள்.

அப்புறம் ஒரு தலையணை உறை. அதற்கடுத்து இலாஸ்டிக் போட்ட பாவாடை. சாரி ஜாக்கட்டில் மட்டும் தொடங்கவே வேண்டாம். சின்னதாக இருப்பதால் சுலபம் என்று நினைக்கிறார்கள். உண்மையில் அரை அங்குலம் பிசகினாலும் காட்டிக்கொடுக்கிற உடுப்பு அதுதான்.

எனக்கென்று ஒரு ஸ்டைல் எப்படி வரும்? ஃபோனில் பார்ப்பது எல்லாமே பிடிக்கிறது.

ஃபோனைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். நீங்கள் அதிகமாகப் போடுகிற உடுப்பு எது? இரவில் துவைத்து, காய்ந்தும் காயாமலும் மறுநாள் எடுத்துப் போடுகிறீர்களே, அந்த ஒன்றைக் கட்டிலில் விரித்து வையுங்கள். கழுத்து எவ்வளவு ஆழம், கை எங்கே முடிகிறது, நீளம் முழங்காலுக்கு மேலா கீழா, துணி நிற்கிறதா விழுகிறதா என்று அளந்து கொப்பியில் எழுதுங்கள். அதிகம் பிடித்த மூன்று உடுப்புகளை இப்படி அளந்தால் ஏதோ ஒரு விஷயம் மூன்றிலும் ஒரே மாதிரி இருக்கும்.

என்னிடம் படித்த ஒரு பிள்ளை, இடுப்பில் இறுக்கி, தரையைத் தொடுகிற கவுன் ஒன்றின் படத்தோடு வந்தாள். அவளுடைய மூன்று உடுப்பையும் அளந்தோம். மூன்றுக்கும் முக்கால் கை, மூன்றும் இடுப்பில் பிடிக்காமல் நேராக விழுபவை, மூன்றும் கரும் நிறம். அந்தப் பிள்ளைக்கு ஏற்கெனவே ஒரு ஸ்டைல் இருந்தது, அதற்குப் பெயர் வைக்கத்தான் இல்லை. நேர் வெட்டில் முக்கால் கை வைத்து ஒரு கருநீல டாப் தைத்தோம். அவளே கழுத்தில் மஞ்சள் நூலால் ஒரு வரி போட்டாள்.

அப்புறம் நான் எல்லோருக்கும் சொல்கிற ஒரு வழி உண்டு: ஒரே உடுப்பை மூன்று முறை தையுங்கள். முதல் முறை பழைய பெட்ஷீட்டில். அதில் பிழையெல்லாம் தெரிந்துவிடும். இரண்டாவது மலிவான சீத்தைத் துணியில். அதைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள், பஸ்ஸில் ஏறுங்கள், ஒரு நாள் முழுக்க வேலை செய்யுங்கள். எங்கே பிடிக்கிறது, எங்கே தொங்குகிறது என்று உடம்பு சொல்லும். மூன்றாவது முறைதான் ஆசைப்பட்ட நல்ல துணி. ஒவ்வொரு மாதமும் புதுப்புது மாதிரி தைக்கிறவர்களைவிட, இப்படி ஒன்றையே திருத்தித் திருத்தித் தைக்கிறவர்களிடம்தான் ஸ்டைல் வருவதை நான் பார்த்திருக்கிறேன்.

என் பாட்டி மலையில் கொழுந்து எடுத்தவள். சாரிக்குப் பின்கொசுவம்தான் வைப்பாள். முன்னால் வைத்தால் தேயிலைச் செடியில் மாட்டும் என்பாள். முழங்கை வரை கை வைத்த சட்டை, இடுப்பில் படங்கு என்கிற தடித்த துணி, மழை என்றால் தலைக்குக் கம்பளி. எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் வைத்திருந்தாள். சட்டைக்கு எப்போதும் ஊதா நிறம்தான் எடுப்பாள், அதற்கு மட்டும் ஒரு காரணமும் சொன்னதில்லை. அவளைத் தூரத்து மலையில் பார்த்தாலும் அந்த ஊதாவை வைத்து எனக்குத் தெரியும்.

இங்குள்ள குளிருக்கும் மழைக்கும் என்ன துணி நல்லது?

முதலில் நீங்கள் எந்தப் பக்கம் என்று சொல்லுங்கள். மலைநாடு முழுவதற்கும் ஒரே வானிலை கிடையாது. ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் மே தொடங்கி செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும். அதே நேரத்தில் பதுளை, பண்டாரவளைப் பக்கம் வெயிலும் காற்றுமாக இருக்கும். அங்கே பெருமழை ஒக்டோபருக்குப் பிறகுதான். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. பகலில் வெயில் அடித்தாலும் பின்னேரம் ஸ்வெட்டர் தேடுவோம். பதுளை டவுனில் அந்த ஸ்வெட்டர் பாரமாகத் தோன்றும்.

மழைப்பக்கத்தில் இருப்பவர்களுக்குத் துணி காய்வதுதான் பெரிய விஷயம். தடித்த பருத்தி உடம்புக்கு நல்லது, ஆனால் ஜூன், ஜூலையில் இஸ்தோப்பில் (வாசல் திண்ணையில்) கட்டிய கொடியில் மூன்று நாள் தொங்கியும் ஈரம் போகாது, மணக்கவும் தொடங்கிவிடும். தினமும் போடுகிற உடுப்புக்குப் பருத்தியும் பொலியெஸ்டரும் கலந்த துணி எடுங்கள். ரேயான் அழகாக விழும், ஆனால் ஈரமாக இருக்கும்போது அதன் நூல் பலம் இழந்துவிடும். அடித்துத் துவைக்கவோ முறுக்கிப் பிழியவோ கூடாது. கம்பளி நூல் கொஞ்சம் ஈரமானாலும் சூட்டை விடாது. ஃப்ளீஸ் சீக்கிரம் காயும். நுவரெலியா பேல் பஜாரில் வாங்கிய ஸ்வெட்டரோ ஜெர்கினோ பெரிதாக இருந்தால் அதையே பிரித்து உங்கள் அளவுக்குச் சிறிதாக்குங்கள். புதிதாக ஒன்று தைப்பதைவிட அது இலகு.

பனிமூட்டமான நாளில் துணி எடுக்கப் போனால், கடை வெளிச்சத்தில் மட்டும் பார்த்து நிறத்தைத் தீர்மானிக்காதீர்கள். துணியை வாசல்வரை கொண்டுபோய்ப் பார்க்கக் கேளுங்கள். டியூப் லைட்டில் மெரூனாகத் தெரிந்தது வெளியே மண்ணிறமாக இருக்கும். பருத்தி எடுத்தால், வெட்டுவதற்கு முன் ஒரு முறை தண்ணீரில் ஊறவைத்துக் காயவையுங்கள். சுருங்குவதெல்லாம் தைப்பதற்கு முன்பே சுருங்கட்டும்.

எத்தனை யார் (கெஜம்) துணி எடுக்க வேண்டும்?

அகலத்தைக் கேட்காமல் யார் கணக்குச் சொல்ல முடியாது. 45 அங்குல அகலத் துணியில், முழங்கால் வரை நீளமும் முக்கால் கையும் உள்ள டாப்புக்கு நடுத்தர உடம்புக்கு இரண்டரை யார் எடுத்தால் போதும். 58 அங்குல அகலத்தில் இரண்டு யாருக்குள் முடிக்கலாம். கட்டம் போட்ட துணி, ஒரே பக்கம் பார்க்கிற பூப்போட்ட துணி என்றால் அரை யார் கூடுதலாக எடுங்கள்.

அளவு எடுத்துத் தைத்தாலும் இறுக்கமாக வருகிறதே?

உடம்பின் அளவையே உடுப்பின் அளவாக வெட்டியிருப்பீர்கள். மூச்சு விட, உட்கார, எட்டிப் பிடிக்க இடம் வேண்டாமா? நெஞ்சுச் சுற்றளவோடு மூன்று, நான்கு அங்குலம் கூட்டுங்கள். உள்ளே ஸ்வெட்டர் போடுவதாக இருந்தால் ஸ்வெட்டரோடேயே அளவு எடுங்கள், அல்லது ஆறு அங்குலம் கூட்டுங்கள். கை நீளத்தை முழங்கையைக் கொஞ்சம் மடக்கி வைத்து அளக்க வேண்டும். உங்களை நீங்களே அளக்காதீர்கள். குனிந்து டேப்பைப் பார்த்தாலே அளவு மாறிவிடும். தங்கச்சியையோ பக்கத்து வீட்டு அக்காவையோ கூப்பிடுங்கள்.

பக்கத் தையலில் உள்ளே ஒரு அங்குலம் துணி விடுங்கள். உடம்பு கூடினால் பிரித்து விடலாம். கடை உடுப்பில் இந்த ஒரு அங்குலம் அநேகமாக இருக்காது.

கையைத் தூக்கினால் சட்டை முழுக்க மேலே ஏறுகிறது. கக்கத்திலும் கிழிகிறது. கைக்குழியை இன்னும் இறக்கி வெட்டவா?

இறக்கவே வேண்டாம்! எனக்கு அதிகமாக வருகிற சட்டைகள் இந்தப் பிழையோடுதான் வருகின்றன. இறுக்கமாக இருக்கிறது என்று கைக்குழியை ஆழமாக வெட்டுகிறார்கள். வெட்ட வெட்ட இன்னும் மோசமாகும். ஏன் என்று சொல்கிறேன்.

கைக்குழி கீழே இறங்கினால், கைத்துணி உங்கள் கக்கத்தை விட்டுத் தூரத்தில், விலாவுக்குப் பக்கத்தில் போய்ச் சட்டையோடு சேர்கிறது. கையைத் தூக்கும்போது கைத்துணி அந்த இடத்தைப் பிடித்து மேலே இழுக்கிறது. விலாப்பக்கம் முழுவதும் சேர்ந்து ஏறுகிறது. கைக்குழி கக்கத்துக்குக் கிட்ட இருந்தால் கை மட்டும் அசையும், சட்டை இருந்த இடத்திலேயே இருக்கும். கக்கத்துக்குக் கீழே இரண்டு விரல் போகிற இடைவெளி, கிட்டத்தட்ட ஒரு அங்குலம், விட்டால் போதும்.

இரண்டாவது காரணம் கைத்துணியின் மேல்வளைவு, அதாவது தோளோடு சேர்கிற பகுதி. அந்த வளைவை உயரமாக வெட்டினால் கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது சுருக்கமே இல்லாமல் அழகாக இருக்கும், ஆனால் தூக்கினால் பிடிக்கும். வளைவின் உயரத்தைக் குறைத்து, கையைக் கொஞ்சம் அகலமாக வெட்டினால் தாராளமாகத் தூக்கலாம். நிற்கும்போது கக்கத்தில் கொஞ்சம் மடிப்புத் தெரியும், அவ்வளவுதான். கல்யாணத்துக்குப் போடுகிற சட்டைக்கு உயரமான வளைவும், தினம் வேலைக்குப் போடுகிற சட்டைக்குக் குறைந்த வளைவும் வைப்பேன்.

ஏற்கெனவே இறக்கி வெட்டிவிட்டீர்கள் என்றால் வழி இருக்கிறது. கக்கத்தில் தையல்கள் சந்திக்கிற இடத்தைப் பிரித்து, அதே துணியில் நான்கு அங்குலச் சதுரத் துண்டு ஒன்றை வைரம் மாதிரித் திருப்பிப் பொருத்துங்கள். கொழுந்து எடுக்கிற ஒரு அக்காவின் சட்டைகளுக்கு இப்படித்தான் செய்து கொடுத்தேன். நாள் முழுக்கக் கையை எட்டி எட்டி வேலை செய்கிறவர். முன்பெல்லாம் மாதத்துக்கு ஒரு முறை கிழிந்த கக்கத்தோடு வந்துகொண்டிருந்தார். சதுரத் துண்டு வைத்த பிறகு அந்தச் சட்டைகளைத் துணி நைந்து போகும்வரை போட்டார்.

உடுப்பைத் தைத்து முடித்ததும் கண்ணாடி முன்னால் நேராக நிற்பதோடு விட்டுவிடாதீர்கள். பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடிப்பதுபோல் கையைத் தூக்குங்கள், குனிந்து செருப்பை மாட்டுங்கள், படியில் ஏறுங்கள். நம் ஊரில் எங்கே போனாலும் படிதானே.

பிடித்த பழைய உடுப்பைப் பார்த்து வெட்டலாமா? பிரிக்க மனசு வரவில்லை.

பிரிக்காமலேயே வெட்டலாம். தரையில் பழைய கம்பளத்தையோ தடித்த போர்வையையோ விரித்து, அதன் மேல் பேப்பரை வையுங்கள். உடுப்பைப் பாதியாக மடித்து, தையல்கள் ஒன்றன் மேல் ஒன்று வர, பேப்பரில் ஊசி குத்தி நிறுத்துங்கள். குண்டூசியால் தையல் ஓரமாகவே அரை அங்குலத்துக்கு ஒரு குத்துக் குத்திக்கொண்டு போங்கள். உடுப்பை எடுத்ததும் பேப்பரில் புள்ளி புள்ளியாக வடிவம் நிற்கும். புள்ளிகளைப் பென்சிலால் சேர்த்து, அதற்கு வெளியே தையலுக்கு இடம் விட்டு இன்னொரு கோடு போடுங்கள்.

முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் தனித்தனியாக எடுக்க வேண்டும். முன் கழுத்து ஆழமாக இருப்பது எல்லோருக்கும் தெரியும். முன்பக்கக் கைக்குழியும் பின்பக்கத்தைவிடக் கொஞ்சம் உள்ளே குடைந்திருக்கும், அதைத்தான் பலர் கவனிப்பதில்லை. டீ-ஷர்ட் போல இழுபடுகிற துணியிலிருந்து எடுத்த மாதிரியை இழுபடாத பருத்தியில் வெட்டாதீர்கள். தலையே நுழையாது.

பேப்பரில் நேர்நூல் எந்தத் திசை என்று அம்புக்குறி போட்டு வையுங்கள். துணியின் கரைக்கு இணையாக அந்த அம்பு இருக்க வேண்டும். துணி போதவில்லை என்று சாய்த்து வைத்து வெட்டிய கால்சட்டை, இரண்டு முறை துவைத்ததும் காலைச் சுற்றித் திருகிக்கொள்ளும்.

அம்மாவின் பழைய சாரியை வெட்டித் தைக்கலாமா?

அம்மாவிடம் முதலில் கேளுங்கள். அவர் சரி என்றால் சாரியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சல்லடை மாதிரித் தெரிகிற இடம் நைந்த இடம், அதைத் தவிர்த்து வெட்டுங்கள். பட்டு என்றால் வருடக்கணக்கில் மடித்து வைத்த மடிப்புக் கோட்டிலேயே பிளந்துகொள்ளும், அங்கே தையல் வரக்கூடாது. ஆறு யார் பருத்திச் சாரியில் ஒரு டாப்பும் பாவாடையும் தாராளமாக வரும். கரையை உடுப்பின் அடிக்கும் கை நுனிக்கும் வருமாறு வைத்தால் அடி மடித்துத் தைக்கிற வேலையே இல்லை. முந்தானை முதுகுக்கு நன்றாக இருக்கும். மெல்லிய சாரிக்கு லைனிங் போடாமல் விடாதீர்கள்.

கடையில் வாங்குவது மலிவாக இருக்கிறதே. ஏன் தைக்க வேண்டும்?

சில உடுப்பு மலிவுதான், ஒத்துக்கொள்கிறேன். டீ-ஷர்ட், உள்ளாடை, பிள்ளைகளின் பிஜாமா, இதையெல்லாம் வாங்குங்கள். தோட்டத்தில் கொடுக்கிற தீபாவளி அட்வான்ஸ் கையில் இருக்கும்போது வீட்டில் ஐந்து பேருக்கும் நீங்களே தைக்கப் போனால் விடிய விடியத் தைத்தும் முடியாது. சல்வார், பாவாடை, சாரி ஜாக்கட், சின்னப் பிள்ளைகளின் கவுன், இவற்றைத் தைத்தால் காசும் மிஞ்சும், அளவும் சரியாக வரும். அரசாங்கம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற வெள்ளைத் துணியை வீட்டிலேயே தைக்கப் பழகினால் வருடம் தோறும் ஒரு கூலி மிஞ்சும்.

காசை விட்டுப் பார்த்தால், கடை உடுப்பு ஒரு சராசரி உடம்புக்கு வெட்டியது. ஒரு தோள் சற்று இறங்கியவர்களும், கை நீளமானவர்களும், நெஞ்சைவிட இடுப்பு அகலமானவர்களும் தங்கள் உடம்பில்தான் பிழை என்று நினைக்கிறார்கள். என் மேசைக்கு முன்னால் நின்று "எனக்கு எதுவும் பொருந்தாது" என்று சொன்ன எத்தனையோ பேரை அளந்திருக்கிறேன். பொருந்தாதபடி ஒருவர்கூட இருந்ததில்லை.

கொஞ்சம் குண்டாக இருக்கிறேன். தொளதொளவென்று தைத்தால் மறையும்தானே?

மறையாது, கூடாரம் மாதிரி இன்னும் பெரிதாகத்தான் காட்டும். தோள் சரியாகப் பொருந்தட்டும், நெஞ்சுக்கு டார்ட் (துணியை மடித்துக் கூராகத் தைக்கிற பிடிப்பு) பிடியுங்கள், அதற்குக் கீழே தாராளமாக விடுங்கள். தோள் தையல் தோள் எலும்பு முடிகிற இடத்தில் நின்றால் மற்ற இடம் தளர்வாக இருந்தாலும் உடுப்பு எடுப்பாக இருக்கும். நிறத்தில் உங்களுக்குப் பிடித்ததைப் போடுங்கள்.

லயத்தில் ஒரு பழைய கால் மெஷின் விற்கிறார்கள். வாங்கலாமா?

நல்ல நிலையில் இருந்தால் யோசிக்காமல் வாங்குங்கள். சிங்கர் இலங்கைக்கு வந்தது 1877இல். அன்றிலிருந்து இந்த நாட்டில் எத்தனையோ வீடுகளில் பெண்கள் கால் மெஷினில்தான் சம்பாதித்திருக்கிறார்கள். கரண்ட் போனாலும் அது நிற்காது. வாங்குவதற்கு முன் சக்கரத்தைக் கையால் உங்கள் பக்கமாகச் சுற்றுங்கள். கடகடவென்று தட்டாமல், இடையில் இறுகாமல் சுற்ற வேண்டும். இரட்டைத் துணியில் தைத்துப் பாருங்கள். அடியில் உள்ள பற்கள் தேய்ந்திருந்தால் துணி நகராது. அடிநூல் சுற்றுகிற பாபின் வட்டமா, நீளக் குச்சியா என்று பாருங்கள். படகு மாதிரி ஷட்டிலும் நீளப் பாபினும் உள்ள மிகப் பழையவற்றுக்குச் சாமான் தேடி அலைய வேண்டிவரும்.

மழைக்காலத்தில் மெஷின் துருப்பிடிக்கிறது.

ஈரச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். கூரை ஒழுகுகிற காம்பரா (அறை) என்றால் மேலே பொலித்தீன் மட்டும் போட்டால் போதாது, உள்ளே வியர்த்துவிடும். முதலில் பருத்தித் துணி, அதற்கு மேல் பொலித்தீன். வாரம் ஒரு முறை பாபின் பக்கத்துத் தூசியைத் தட்டி, மெஷின் ஒயில் இரண்டு சொட்டு விடுங்கள். தேங்காய் எண்ணெய் விடவே கூடாது, பிசின் மாதிரி இறுகிவிடும். ஊசியை மெஷினிலேயே விட்டு வைக்காமல் கழற்றி ஒயில் தடவிய துணியில் குத்தி வையுங்கள்.

துணிக்கு அடியில் நூல் சுருண்டு சிக்குகிறது. பாபினில் பிழையா?

அநேகமாக மேல்நூலில்தான். துணியை அழுத்துகிற மெஷின் காலைத் தூக்கி வைத்து, மேல்நூலை முழுக்க எடுத்து மறுபடியும் கோருங்கள். பத்தில் எட்டு முறை சரியாகிவிடும்.

கார்மண்ட் ஃபெக்டரியில் ஏழு வருடம் வேலை செய்தேன். ஆனால் ஒரு முழுச் சட்டை தைக்கத் தெரியாது. வெட்கமாக இருக்கிறது.

தங்கச்சி, இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. 1978இல் கட்டுநாயக்கவில் வர்த்தக வலயம் வந்த பிறகு நம் பக்கத்திலிருந்தும் பிள்ளைகள் போகத் தொடங்கினார்கள். லைனில் ஒருவருக்குக் காலர், ஒருவருக்குக் கை, ஒருவருக்குப் பொக்கெட். முழுச் சட்டை யார் கையிலும் இருக்காது. ஏழு வருடம் காலர் வைத்த கைக்கு இருக்கிற வேகமும் நேர்த்தியும் எனக்கு இல்லை. ஃபெக்டரியின் ஜூக்கி மெஷினில் அப்படி ஓடிய கால் வீட்டு மெஷினில் ஒரு வாரத்தில் பழகிவிடும். உங்களுக்குத் தெரியாதது அளவெடுப்பதும் வெட்டுவதும்தான். அதை மூன்று மாதத்தில் பிடித்துவிடலாம். சான்றிதழ் வேண்டுமென்றால் தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்களில் விசாரியுங்கள். என்.வி.கியூ. (தேசிய தொழிற்தகைமை) சான்றிதழ் கையில் இருந்தால் வேலை தேடும்போது உதவும்.

நல்ல துணியை வெட்டிக் கெடுத்துவிட்டேன். என்ன செய்வது?

முதலில் கத்தரிக்கோலைக் கீழே வையுங்கள். பதற்றத்தில் வெட்டுகிற இரண்டாவது வெட்டுத்தான் துணியைத் தீர்த்துவிடும்.

பதினாறு வயதில், பொங்கலுக்கென்று அப்பா வாங்கித் தந்த பச்சைத் துணியில் நான் இரண்டு கையையும் இடக்கையாக வெட்டிவிட்டேன். கையிலும் முன்பக்கம் கொஞ்சம் குடைவு அதிகம், அதனால் வலக்கை வேறு, இடக்கை வேறு. துணியை மடித்து நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்க வைத்து வெட்டினால் ஜோடியாக வரும். நான் ஒன்றை வெட்டி, அதே திசையில் நகர்த்தி வைத்து அடுத்ததை வெட்டினேன். அது ஒரு பக்கம் மட்டும் பூப்போட்ட துணி, திருப்பிப் போடவும் முடியாது. அழுதுகொண்டு இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தேன். அம்மா வந்து துண்டுகளைத் தரையில் பரப்பி, ஒன்றும் பேசாமல் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கழுத்துக்குக் குறுக்கு வெட்டில் பட்டி வைக்க எடுத்து வைத்திருந்த கறுப்புத் துணியைக் கொண்டுவந்து, பிழைத்த கையின் மேல்பாதியை வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கறுப்பை வைத்து வலக்கையாக்கினார். அடுத்த கையிலும் அதே அளவுக்குக் கறுப்பு வைத்தார், இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டுமே.

நீங்களும் துண்டுகளைப் பரப்பிப் பாருங்கள். நீளம் குறைந்தால் அடியில் வேறு நிறப் பட்டி வைக்கலாம். கழுத்து அகன்றுவிட்டால் உள்ளே ஒரு துண்டு வைத்து மூடலாம். முன்பக்கத்தின் நடுவில் வெட்டுப்பட்டால் அந்த இடத்தில் பட்டன் பட்டி வரட்டும். எதற்குமே வழி இல்லையென்றால் சின்னப் பிள்ளைக்குக் கவுன் தைக்கிற அளவுக்காவது துணி மிஞ்சியிருக்கும்.